பேஸ்பால் சீசன் பாதி முடிந்தது: ஒரு அணியையும் வீரரையும் இப்போது எப்படி எடைபோடுவது?

ஒரு சின்ன கேள்வி. ஒரு அணி முதல் 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி. இன்னொரு அணி முதல் 69 ஆட்டங்களில் 45 வெற்றி, 24 தோல்வி. இந்த இரண்டில் எந்த அணி கோப்பையை வாங்கியிருக்கும்?

முதல் அணி 2019-ஆம் ஆண்டின் வாஷிங்டன் நேஷனல்ஸ். மீதி இருந்த 112 ஆட்டங்களில் 74-ஐ வென்று, அக்டோபரில் உலகத் தொடர் எனப்படும் 'வேர்ல்டு சீரிஸ்' பட்டத்தையும் வாங்கியது. இரண்டாவது அணி 2025-ஆம் ஆண்டின் நியூயார்க் மெட்ஸ். ஜூன் 12 அன்று அமெரிக்க பேஸ்பாலிலேயே சிறந்த வெற்றிக் கணக்கு அவர்களுடையதுதான். செப்டம்பர் முடிவில் 83 வெற்றி, 79 தோல்வி. பிளேஆஃப் வாய்ப்பே கிடைக்கவில்லை.

அப்படியானால் பாதி சீசனில் இருக்கும் எண்களுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. எந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் விஷயம். பேஸ்பாலை இப்போதுதான் பார்க்க ஆரம்பித்திருக்கிறீர்கள் என்றாலும் இந்தக் கட்டுரையைப் பின்தொடரலாம்.

ஜூலை ஏன் முக்கியம்?

அமெரிக்காவின் 'மேஜர் லீக் பேஸ்பால்' போட்டியில் 30 அணிகள். ஒவ்வொரு அணிக்கும் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை 162 ஆட்டங்கள். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம்தான். 2022 முதல் 12 அணிகள் பிளேஆஃப் போகின்றன.

ஜூலை நடுவில் 'ஆல்-ஸ்டார்' இடைவேளை. ஜூலை கடைசியில் வீரர்களைப் பரிமாறிக்கொள்வதற்கான காலக்கெடு, அதாவது 'டிரேடு டெட்லைன்'. அதற்குள் ஒவ்வொரு அணி நிர்வாகமும் ஒரு முடிவு எடுத்தாகணும். இந்த வருஷம் ஜெயிக்க முடியும் என்று நம்பினால், வளர்ந்து வரும் இளம் வீரர்களைக் கொடுத்து அனுபவசாலிகளை வாங்கலாம். முடியாது என்று நினைத்தால், இருக்கும் நட்சத்திரங்களைக் கொடுத்துவிட்டு எதிர்காலத்துக்காக இளைஞர்களை வாங்கலாம்.

தப்பாகக் கணித்தால் அதன் விலையை நான்கைந்து வருஷம் கட்ட வேண்டியிருக்கும். அதனால்தான் பாதி சீசன் மதிப்பீடு என்பது வெறும் ரசிகர் அரட்டை இல்லை.

வெற்றிக் கணக்கு எவ்வளவு உண்மை சொல்லும்?

ஒரு நாணயத்தை 81 தடவை சுண்டுங்கள். சராசரியாக 40 அல்லது 41 தடவை தலை விழணும். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்படி விழாது. பத்தில் ஏழு முறைக்குக் கொஞ்சம் அதிகமாக, விடை 36-க்கும் 45-க்கும் நடுவில் எங்கேயாவது இருக்கும்.

இதை அணிக்குப் பொருத்திப் பாருங்கள். 30 அணிகளும் துல்லியமாக சம பலம் என்று வைத்துக்கொண்டால்கூட, பாதி சீசனில் ஏதோ ஒரு அணி 49 வெற்றி, 32 தோல்வியோடு மேலே நிற்கும். டிவியில் அந்த அணியை 'இந்த வருஷத்தின் அசுர அணி' என்பார்கள். உண்மையில் அது நன்றாக விழுந்த நாணயம்.

நிஜத்தில் அணிகள் சம பலம் இல்லை. ஆகவே வெற்றிக் கணக்கில் பாதி திறமை, பாதி தற்செயல் என்று கலந்திருக்கிறது. இதைப் பிரிக்கப் பகுப்பாய்வாளர்கள் ஒரு எளிய வழி வைத்திருக்கிறார்கள். அணியின் கணக்கோடு, பாதி வெற்றி பாதி தோல்வி கொண்ட சுமார் 70 கற்பனை ஆட்டங்களைக் கூட்டிவிடுவது.

ஒரு உதாரணக் கணக்கு: அணி 50 வெற்றி, 31 தோல்வி. கூடவே 35 வெற்றி, 35 தோல்வி. மொத்தம் 151 ஆட்டங்களில் 85 வெற்றி, அதாவது 56 சதவீதம். மீதி 81 ஆட்டங்களில் இந்த வேகத்தில் போனால் சுமார் 46 வெற்றி வரும். ஆக, சீசன் முடிவில் எதிர்பார்க்க வேண்டியது 96. 'பாதியில் 50, அப்போ முழுசுக்கு 100' என்று இரண்டால் பெருக்குவது இங்கேதான் தப்பாகிறது.

ரன் வித்தியாசம்: பேஸ்பாலின் நெட் ரன் ரேட்

ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு நெட் ரன் ரேட் பழக்கம். பேஸ்பாலில் அதன் உறவுக்காரர் 'ரன் வித்தியாசம்': அணி எடுத்த ரன்களிலிருந்து விட்டுக்கொடுத்த ரன்களைக் கழித்தால் வருவது. ஐபிஎல்லில் அது புள்ளிகள் சமமானால் மட்டும் பேசும். பேஸ்பால் பகுப்பாய்வில் அதுதான் முதலில் பேசும்.

காரணம் எளிது. 9-1 என்று ஜெயித்தாலும் ஒரு வெற்றி, 3-2 என்று ஜெயித்தாலும் ஒரு வெற்றி. ஆனால் ஒரு ரன் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்களில் அதிர்ஷ்டத்தின் பங்கு அதிகம். 2012-ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அப்படிப்பட்ட ஆட்டங்களில் 29 வென்று 9 மட்டுமே தோற்றது. அடுத்த வருஷம் அதே வகை ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. நெருக்கடியில் ஜெயிக்கும் 'தனித் திறமை' ஒரே குளிர்காலத்தில் காணாமல் போய்விடவில்லை. அது ஆரம்பத்திலிருந்தே பெரும்பாலும் திறமையாக இருக்கவில்லை.

ரன்களிலிருந்து வெற்றியைக் கணிக்க பில் ஜேம்ஸ் என்ற பகுப்பாய்வாளர் ஒரு சூத்திரம் தந்தார். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்த ரன்னின் வர்க்கமும் விட்ட ரன்னின் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். பள்ளியில் படித்த பிதாகரஸ் தேற்றத்தை நினைவூட்டுவதால் 'பிதாகரஸ் கணிப்பு' என்றே பெயர்.

2021 சியாட்டில் மரைனர்ஸ் அணியை இதில் போட்டுப் பார்ப்போம். அந்த சீசனில் எடுத்தது 697 ரன், விட்டது 748. சூத்திரப்படி 75 வெற்றி வரணும். நிஜத்தில் வந்தது 90.

இந்த இடைவெளிக்குள் ஒரு மனிதக் கதை இருக்கிறது. ஜூலை 26 அன்று மரைனர்ஸ் 7-0 என்று பின்தங்கியிருந்து, தங்கள் பிரிவின் பெரிய எதிரியான ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை 11-8 என்று வீழ்த்தியது. அடுத்த நாளே நிர்வாகம் தங்கள் அணியின் முக்கியமான பிட்சர் கெண்டல் கிரேவ்மேனை அதே ஹூஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. வீரர்கள் கொதித்துப்போனார்கள். அப்போது அந்த அணியின் வெற்றிகள் தோல்விகளைவிட அதிகம்; ரன் வித்தியாசமோ எதிர்மறை. ஓய்வறையில் இருந்தவர்கள் வெற்றியைப் பார்த்தார்கள். ரன் வித்தியாசம் சொன்னது வேறு. கடைசியில் மரைனர்ஸ் இரண்டே வெற்றி குறைவில் பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது.

யார் சரி? ரன் வித்தியாசம் காட்டியதைவிட அந்த அணி கடைசிவரை அதிகமாகவே ஜெயித்தது. கணிப்பு என்பது 'இதுதான் நடக்கும்' என்ற சத்தியம் அல்ல, 'இது நடக்க வாய்ப்பு அதிகம்' என்பது மட்டுமே. அதோடு, வாசலில் நிற்கும் ஓர் அணிக்கு ஒவ்வொரு வெற்றியும் எவ்வளவு விலை உயர்ந்தது என்பதும் கணக்கில் வரணும்.

அடுத்த பாதியில் ஆடப்போவது யார்?

வெற்றிக் கணக்கும் ரன் வித்தியாசமும் இதுவரை ஆடியவர்களைப் பற்றிச் சொல்கின்றன. இனி ஆடப்போகிறவர்கள் அவர்களேதானா? தொடக்கத்தில் பார்த்த இரண்டு அணிகளுக்கும் பதில் இங்கேதான் இருக்கிறது.

2019 நேஷனல்ஸின் ரன் வித்தியாசமும் மே மாதத்தில் மோசம்தான். ஆனால் ட்ரே டர்னர் ஏப்ரல் ஆரம்பத்திலேயே விரல் எலும்பு முறிந்து வெளியே இருந்தார். ரெண்டோன், சோட்டோ என்று முக்கிய பேட்டர்களும் காயத்தால் சில வாரங்களை இழந்தார்கள். ஆட்டத்தின் பின்பகுதியில் வந்து வீசும் பிட்சர்களின் கூட்டமான 'புல்பென்' படுமோசம். ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஷெர்சர், ஸ்ட்ராஸ்பர்க், கார்பின் ஆகிய மூவரும் நலம். காயம் ஆறியவர்கள் திரும்பினார்கள். அணி வேறு அணியானது.

2025 மெட்ஸில் நடந்தது இதன் தலைகீழ். சிறந்த கணக்கோடு நின்ற அதே ஜூன் 12 அன்று, அதுவரை அருமையாக வீசிய கோடாய் செங்கா தொடையில் காயமடைந்தார். திரும்பி வந்தபின் பழைய செங்காவாக அவர் இல்லை. செப்டம்பரில் கீழ்நிலை லீக்குக்குப் போக வேண்டியதாயிற்று. 45 வெற்றி வாங்கித் தந்த அந்த ஆட்டக்காரர் கூட்டணி, மீதி 93 ஆட்டங்களுக்கு அப்படியே இல்லை.

பேட்டர்: எட்டு ஹிட்டில் மாறும் தலையெழுத்து

வீரர்களுக்கு வருவோம். பேட்டிங் சராசரி என்பது அடித்த ஹிட்களை, பேட் செய்த வாய்ப்புகளால் வகுப்பது. 0.270 என்றால் நல்ல பேட்டர், 0.300 என்றால் நட்சத்திரம், 0.240 என்றால் கவலை.

இப்போது உண்மையான திறமை 0.270 உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். பாதி சீசனில் 300 வாய்ப்புகள், எதிர்பார்ப்பது 81 ஹிட். தற்செயலால் மட்டுமே 8 ஹிட் கூடவோ குறையவோ செய்வது மிகச் சாதாரணம். கூடினால் 0.297, குறைந்தால் 0.243. மூன்று மாதத்தில் எட்டு ஹிட் என்றால் வாரத்துக்கு ஒன்றுகூட இல்லை. ஃபீல்டரின் கையுறைக்கு ஒரு அங்குலம் தள்ளிப் போன பந்துகள் அவை. ஆனால் ஒருத்தருக்கு ஆல்-ஸ்டார் அழைப்பு, இன்னொருத்தருக்குக் கீழ்நிலை லீக்குக்கு டிக்கெட்.

அப்போ எந்த எண்ணை முன்கூட்டியே நம்பலாம்? ரசல் கார்ல்டன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்கிட்டார். அவர் கண்டவை:

- ஸ்ட்ரைக் அவுட் ஆகும் விகிதம்: சுமார் 60 வாய்ப்புகளிலேயே ஓரளவு நிலைப்படுகிறது.
- 'வாக்' வாங்கும் விகிதம், அதாவது தவறான நான்கு பந்துகளை விட்டுவிட்டு முதல் தளத்துக்கு நடந்து போவது: சுமார் 120 வாய்ப்புகள்.
- ஹோம் ரன் விகிதம்: சுமார் 170 வாய்ப்புகள்.
- பேட்டிங் சராசரி: சுமார் 910 வாய்ப்புகள்.

முழு சீசனுக்கே ஒரு பேட்டருக்குக் கிடைப்பது 600 சொச்சம். ஆக, டிவி திரையில் முதலில் காட்டப்படும் பேட்டிங் சராசரி ஒரு முழு சீசனிலும் நிலைப்படாத எண். ஸ்ட்ரைக் அவுட்டும் வாக்கும் மே மாதத்திலேயே பேச ஆரம்பித்துவிடும். 60-ஆவது வாய்ப்பில் திடீரென உண்மை உதயமாகிவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. போகப்போகத் தெளிவு கூடுகிறது, அவ்வளவுதான்.

2023-ல் மயாமி அணியின் லூயிஸ் அராயஸ் ஜூன் பிற்பாதியிலும் 0.400-க்கு மேல் சராசரி வைத்திருந்தார். 1941-ல் டெட் வில்லியம்ஸுக்குப் பிறகு எவரும் முழு சீசனில் 0.400 தொட்டதில்லை என்பதால் ஒரே பரபரப்பு. ஆல்-ஸ்டார் இடைவேளையில் 0.383. சீசன் முடிவில் 0.354. லீக்கிலேயே முதலிடம்தான், அபாரமான ஆட்டம்தான். ஆனால் முந்தைய வருஷம் அவர் 0.316 என்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த இறக்கத்தில் ஆச்சரியம் இருந்திருக்காது. அவருடைய பழைய கணக்குக்கும் இந்த வருஷக் கணக்குக்கும் நடுவில்தான் அவர் வந்து நின்றார்.

பட்டியலின் உச்சியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இறங்குவதற்கும் இதே காரணம்தான். உச்சிக்குப் போகத் திறமையும் வேணும், அந்த மூன்று மாத அதிர்ஷ்டமும் வேணும். திறமை கூடவே வரும். அதிர்ஷ்டம் வரணும்னு கட்டாயம் இல்லை.

அதிர்ஷ்டத்தைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு கருவிகள் உண்டு. ஒன்று, 'பாபிப்': ஸ்ட்ரைக் அவுட்டையும் ஹோம் ரன்னையும் விட்டுவிட்டு, மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில் எத்தனை ஹிட் ஆயின என்ற விகிதம். லீக் சராசரி 0.300-ஐ ஒட்டியே இருக்கும். ஒருவருக்கு அது 0.380 என்றால் இறங்க வாய்ப்பு அதிகம், 0.220 என்றால் ஏற வாய்ப்பு அதிகம். வேகமாக ஓடுபவர்களுக்குக் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம். இரண்டாவது, 'ஸ்டாட்காஸ்ட்'. 2015 முதல் எல்லா மைதானங்களிலும் உள்ள இந்தக் கருவிகள், பேட்டிலிருந்து பந்து கிளம்பும் வேகத்தையும் கோணத்தையும் அளக்கின்றன. மணிக்கு 95 மைல், அதாவது சுமார் 153 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் அது 'பலத்த அடி'. பலமாக அடித்தும் சராசரி குறைவாக இருப்பவரைத்தான் புத்திசாலி நிர்வாகங்கள் ஜூலையில் தேடுகின்றன.

பிட்சர்: வெற்றி-தோல்வியை மறந்துவிடுங்கள்

பிட்சரின் பெயருக்கு எதிரே எத்தனை வெற்றி, எத்தனை தோல்வி என்று போடுவது பழைய வழக்கம். 2018-ல் மெட்ஸின் ஜேக்கப் டிக்ராமுக்கு 10 வெற்றி, 9 தோல்வி. சுமாரான ஆள் போலிருக்கிறதா? அந்த சீசனில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.70 ரன். சிறந்த பிட்சருக்கான 'சை யங்' விருது அவருக்கே கிடைத்தது. அவர் வீசிய நாட்களில் அவருடைய அணி பேட் செய்யவில்லை, அதுதான் அந்த 9 தோல்வி.

ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் என்ற அந்த எண்ணுக்கு 'ஈ.ஆர்.ஏ' என்று பெயர். வெற்றி-தோல்வியைவிட எவ்வளவோ மேல், ஆனாலும் பாதி சீசனில் அதுவும் ஏமாற்றும். வோரோஸ் மெக்ராக்கன் 2001-ல் எழுதிய கட்டுரை ஒன்று இந்தத் துறையையே உலுக்கியது. மைதானத்துக்குள் அடிபட்ட பந்து ஹிட் ஆகுமா, கேட்ச் ஆகுமா என்பதில் பிட்சருக்கு இருக்கும் கட்டுப்பாடு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்றார் அவர்.

அதிலிருந்து வந்ததுதான் 'ஃபிப்'. ஸ்ட்ரைக் அவுட், வாக், பேட்டரின் உடம்பில் பட்ட பந்து, ஹோம் ரன் ஆகியவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஃபீல்டர்களின் தயவை நம்பாத எண் இது. ஜூலையில் ஒரு பிட்சரின் ஈ.ஆர்.ஏ 2.50, ஃபிப் 4.20 என்றால், ஃபிப்பின் பக்கம் சாய்ந்து யோசியுங்கள்.

'வார்': எல்லாவற்றையும் ஒரே எண்ணில்

பேட்டிங், ஓட்டம், ஃபீல்டிங், பிட்சிங் எல்லாவற்றையும் கூட்டி, 'எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றியைக் கூடுதலாகத் தந்தார்' என்று சொல்வது 'வார்'. மாற்று வீரர்கள் மட்டுமே ஆடும் அணி 162-ல் 48 வெற்றி வாங்கும் என்பது அடிப்படை. முழு சீசனில் 2 என்றால் சாதாரணமான முழுநேர வீரர், 5 என்றால் நட்சத்திரம், 8 என்றால் சிறந்த வீரர் விருதுக்குப் போட்டியாளர்.

பயனுள்ள எண்தான். ஆனால் அதற்குள் இருக்கும் ஃபீல்டிங் மதிப்பீடு நிலைப்பட நீண்ட காலம் ஆகும். ஜூலையில் ஒருவருக்கு 3.1, இன்னொருவருக்கு 2.7 என்று பார்த்து 'இவரே சிறந்தவர்' என்று தீர்ப்பு எழுதாதீர்கள். அது கிட்டத்தட்ட சமம். மைதானமும் முக்கியம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டென்வரில் காற்று மெலிது, பந்து தூரம் போகும். அங்கே ஆடுபவரின் எண்களை அப்படியே வேறு ஊரோடு ஒப்பிட முடியாது.

இரண்டு அணிகள், ஒரே முடிவு

2021 ஜூலையில் அட்லான்டா பிரேவ்ஸின் நிலைமை பரிதாபம். நட்சத்திர வீரர் ரொனால்ட் அகுனா ஜூலை 10 அன்று முழங்கால் தசைநார் கிழிந்து சீசனையே இழந்தார். ஆல்-ஸ்டார் இடைவேளையில் 44 வெற்றி, 45 தோல்வி. ஆனால் எடுத்த ரன்கள் விட்ட ரன்களைவிட அதிகம். நிர்வாகம் கைவிரிக்கவில்லை, அவுட்ஃபீல்டுக்கு நான்கு பேரை வாங்கியது. அதில் ஒருவரான ஹோர்ஹே சோலேரின் சராசரி அப்போது வெறும் 0.192. ஆனால் 2019-ல் 48 ஹோம் ரன் அடித்தவர் அவர். அட்லான்டாவுக்கு 55 ஆட்டங்களில் 14 ஹோம் ரன் அடித்தார். ஆகஸ்ட் 6 அன்றுதான் அந்த அணியின் வெற்றிகள் முதன்முறையாகத் தோல்விகளைத் தாண்டின. அக்டோபரில் பிளேஆஃப் அணிகளிலேயே குறைந்த வெற்றிகளோடு, 88 வெற்றியோடு, நுழைந்து கோப்பையை வென்றது. வேர்ல்டு சீரிஸின் சிறந்த வீரர்: சோலேர்.

2023 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸும் 'வாங்குவோம்' என்றே முடிவெடுத்தது. ஷோஹெய் ஒஹ்தானியின் ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. வெற்றிகள் தோல்விகளைவிடச் சற்றே அதிகம். பிளேஆஃப் இடத்துக்குச் சில ஆட்டங்கள் பின்னால். ஒஹ்தானியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, இளம் வீரர்கள் இருவரைக் கொடுத்து ஜியோலிட்டோ, லோபஸ் என்ற பிட்சர்களை வாங்கியது. ஆகஸ்டில் அடிமேல் அடி. ஒரே மாதத்தில் அந்த இரு பிட்சர்களையும் கைகழுவியது. சீசன் முடிவில் 73 வெற்றி, 89 தோல்வி. டிசம்பரில் ஒஹ்தானி 10 ஆண்டு, 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் டாட்ஜர்ஸுக்குப் போனார். ஜூலையில் அவரைக் கொடுத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய இளம் வீரர்கள் யாரும் ஏஞ்சல்ஸுக்குக் கிடைக்கவில்லை.

முடிவை வைத்து மட்டும் 'அவன் புத்திசாலி, இவன் முட்டாள்' என்று சொல்வது எளிது. அட்லான்டாவிலும் அதிர்ஷ்டம் இருந்தது. வித்தியாசம், வாங்குவதற்கு எந்த எண்ணை ஆதாரமாக எடுத்தார்கள் என்பதில் இருக்கிறது. ஒருவர் வெற்றிக் கணக்குக்குக் கீழே இருந்த ரன் வித்தியாசத்தையும், மோசமான மூன்று மாதத்துக்குப் பின்னால் இருந்த பழைய சாதனையையும் பார்த்தார். இன்னொருவர் மெலிதான ஒரு முன்னிலையையும், விட மனசில்லாத ஒரு நட்சத்திரத்தையும் பார்த்தார்.

அடுத்த ஜூலையில் நீங்கள் கேட்க வேண்டியவை

1. வெற்றிக் கணக்கும் ரன் வித்தியாசமும் ஒரே கதையைச் சொல்கின்றனவா? இல்லையென்றால் ரன் வித்தியாசத்தின் பக்கம் கொஞ்சம் சாயுங்கள்.
2. ஒரு ரன் வித்தியாச ஆட்டங்களில் வந்த வெற்றிகள் எத்தனை?
3. காயத்திலிருந்து திரும்புபவர் யார், காயத்தால் போனவர் யார்?
4. வீரரின் இந்த வருஷ எண், கடந்த மூன்று வருஷங்களோடு எவ்வளவு விலகியிருக்கிறது?
5. மாறியிருப்பது ஸ்ட்ரைக் அவுட், வாக் போன்ற சீக்கிரம் நிலைப்படும் எண்ணா, பேட்டிங் சராசரி போன்ற தாமதமாக நிலைப்படும் எண்ணா? முதலாவது என்றால் ஆள் நிஜமாகவே மாறியிருக்கலாம். இரண்டாவது என்றால் பொறுங்கள்.

இந்த ஐந்தையும் கேட்ட பிறகும் உங்கள் கணிப்பு தப்பலாம். மரைனர்ஸ் விஷயத்தில் ரன் கணக்கே 15 வெற்றி தள்ளிப் போனது. ஆனால் 19-31 என்ற எண்ணைப் பார்த்து நேஷனல்ஸைக் கலைத்துவிடச் சொல்லியிருக்க மாட்டீர்கள். 45-24 என்ற எண்ணைப் பார்த்து மெட்ஸுக்கு அக்டோபர் டிக்கெட் எடுத்திருக்கவும் மாட்டீர்கள்.